அச்சில் வந்த அத்தையின் பெயர்

எங்கள் குடும்பத்தில் அச்சில் பெயர் வந்த முதல் பெண்பிள்ளை என் அத்தைதான். கல்யாணப் பத்திரிகையில் எல்லாருக்கும் ஒருதரம் வரும், அதைச் சேர்க்கக்கூடாது. அத்தையின் பெயர் வந்தது மெட்ராஸில் அச்சாகி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிற்றில் தொங்கிய ஒரு வாரப் பத்திரிகையில். அதற்கு எங்கள் தெரு அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்பாகத்தான் வருகிறது. கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அத்தனை பேர். படித்தவர்கள்தான் இல்லை.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. தாயில்லாப் பெண் என்று நைனாவும் அம்மாவுமாக வளர்த்து, எட்டாவதுவரை படிக்க வைத்து, தை மாதம் தாமலில் ஒரு நல்ல இடத்தில் கொடுத்தார்கள். நல்ல இடம் என்றால் பம்ப்செட் கிணறு, உழவு மாடு, மாப்பிள்ளைக்கு பீடி சிகரெட்கூடக் கிடையாது. அத்தைக்கு அப்போது இருபத்தொரு வயது. புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடி மாதத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும், ஆவணி பிறந்ததும் புருஷன் வந்து கூட்டிப்போவான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி வந்தவள், வந்த அன்றைக்கே அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள்:

"அண்ணி, நான் திரும்பிப் போவமாட்டேன்."

"இன்னாத்துக்கு? மாமியா திட்றாளா?"

"இல்ல."

"அவரு அடிக்கிறாரா?"

"அடிக்கல அண்ணி. ராத்திரி ஆனா பயமா கீது. வேணாம்னு அழுதாலும் கேக்க மாட்டேன்றாரு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தாண்டி. கொஞ்சம் பொறுத்துக்கோ. போவப் போவ சரியாப் பூடும். உங்க அண்ணன் காதுல இது விழ வேணாம், மனுசன் ஒடஞ்சிப் பூடுவாரு."

எனக்குப் பத்து வயது. மாமா வீடு ஏரிக்கரை ஓரம், அத்தை இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பது என் அபிப்பிராயம். இந்தச் சின்ன விஷயம் பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அது விதைக்கடலை உடைக்கிற சமயம். விதைக்கு வேண்டிய வேர்க்கடலையைக் கையால்தான் உடைக்க வேண்டும். மெஷினில் போட்டால் பருப்பின் தோல் உரிந்து முளைக்காமல் போய்விடும். எங்கள் வீட்டுக் கூடத்தில் மூட்டையைக் கொட்டி, அம்மா, அத்தை, எதிர்வீட்டுப் பெரியம்மா எல்லாரும் சுற்றி உட்கார்ந்து உடைப்பார்கள். காலனியிலிருந்து வேலைக்கு வரும் அக்கா மட்டும் வாசற்படிக்கு வெளியே ஒரு கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு டீ வேறு டம்ளரில் போகும். கட்டைவிரல் கன்றிப்போய், இடுப்பு விட்டுப்போய், மூக்கெல்லாம் தூசி ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் பேச்சும் ஓய்ந்துவிடும். அப்போது கதை கேட்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாய்விட்டுக் கதை படிப்பது என் வேலை.

கதை அந்த வாரப் பத்திரிகையில் வந்த ஒரு சரித்திரத் தொடர். ஒரு தளபதி பகைவர் கோட்டையைப் பிடித்து, அந்நாட்டு இளவரசியைச் சிறையெடுத்துப் படகில் ஏற்றிக்கொண்டு வருகிறான். அவன் தோளை வர்ணிக்கவே ஒவ்வொரு வாரமும் அரைப் பக்கம் போகும். இதழ், இடை என்று ஏதாவது வந்தால் உடனே நிறுத்திவிட்டு, கீழே மூன்று நட்சத்திரம் போட்ட இடத்துக்குத் தாவிவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நான் தாவுவதற்காகத்தான் நட்சத்திரம் போடுகிறார்கள் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் இளவரசி, 'வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள்' என்று தளபதியின் காலில் விழுந்து அழுதாள். அதில் இதழும் இல்லை, இடையும் இல்லை என்பதால் நான் பாட்டுக்குப் படித்தேன். தளபதி சிரித்தான். விளக்கு அணைந்தது. மூன்று நட்சத்திரம், தொடரும். அடுத்த வாரம் பார்த்தால் அவள் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு அவன் மார்பில் சாய்ந்து, 'நாதா!' என்று சிரிக்கிறாள். கலரில் படம் வேறு.

"இன்னா லட்சணமா கீறா பாரேன்! அந்த ஒட்டியாணம் ஒண்ணே பத்து சவரன் தேறும்" என்றாள் அம்மா.

"அவன் கையில வாள் வச்சினு கீறான். சிரிக்காம அவ எங்க போவா?" என்றாள் படிக்கு வெளியே இருந்த அக்கா. அவள் கருத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மாதான் அந்தக் கூட்டத்துக்கு நீதிபதி. எங்களுக்கு உறவொன்றும் இல்லை, தெருவில் எல்லாருக்கும் பெரியம்மா. கடலை உடைப்பதிலும் வாயடிப்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "ஆம்பளன்னா கொஞ்சம் முரடாத்தான் இருப்பான். மொதல்ல அழுவாளுங்க, அப்பால அவனையே சுத்திச் சுத்தி வருவாளுங்க. நாம பாக்காததா?" என்று சொல்லித் தானே பெரிதாகச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. "போன வாரம் அப்படி அழுதாளே, பெரியம்மா?"

"அதுக்கின்னா இப்போ?"

"அழுதவ எப்படி சிரிச்சா?"

"கதைடி அது!" என்று அம்மா குறுக்கே விழுந்து அடக்கினாள்.

அந்தப் பத்திரிகையில் தொடரைப் பற்றி வாசகர்கள் கருத்து எழுதலாம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தான். மறுநாள் அத்தை என்னை அனுப்பி ஒரு போஸ்ட் கார்டு வாங்கிவரச் சொன்னாள். என் பூகோளப் புத்தகத்தை அடியில் வைத்துக்கொண்டு, யோசிக்காமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதினாள். நான்தான் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை. நானே சாட்சி.

ஆடி முடிகிற சமயத்தில் அது அச்சில் வந்துவிட்டது. அத்தையின் பெயர், எங்கள் ஊர்ப் பெயர், மேலே இந்த வரிகள்:

'தளபதியை வீரன் என்கிறீர்கள். இளவரசி வேண்டாம் என்று அழுததை நீங்கள்தான் எழுதினீர்கள். மறுவாரமே அவளைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள். நடுவில் என்ன நடந்தது என்று எழுதவில்லை. அவ்வளவு அழுதவள் எப்படிச் சிரித்தாள்? எனக்குத் தெரிய வேண்டும்.'

அதற்கு மேலேயும் கீழேயும் மற்ற வாசகர்கள். காதல் காட்சிகள் தேனாக இனிக்கின்றன என்று ஒருவர். தளபதியைப் போல் கணவன் வாய்க்கத் தவம் செய்யவேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவி. படகு வர்ணனை போதவில்லை என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அத்தையின் கடிதத்துக்கு மட்டும் அடியில் பதில் போட்டிருந்தான்: 'சகோதரி பொறுமையுடன் தொடர்ந்து படிக்கவும். காதலின் ஆழம் போகப் போகப் புரியும்.' அம்மா அடுப்படியில் சொன்னதும் இதேதான். என்ன, பத்திரிகைக்காரனுக்கு நடை கொஞ்சம் நன்றாக இருந்தது.

நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்த பத்திரிகை மொத்தத்தையும் வாங்கிவந்துவிட்டார். அத்தையின் பெயருக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு டீக்கடைக்கு ஒன்று, சலூனுக்கு ஒன்று, எங்கள் ஹெட்மாஸ்டருக்கு ஒன்று என்று கொடுத்தார். "எந்தங்கச்சி மெட்ராஸ் பத்திரிகைல எழுதிகீறா!" வாங்கியவர்கள் எல்லாரும் பேர் எங்கே, பேர் எங்கே என்று தேடினார்கள். கோட்டைப் பார்த்ததும் 'பலே' என்று மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"அண்ணன் அதைப் படிச்சாரா அண்ணி?" என்று அத்தை கேட்டாள்.

"படிக்காமயா? பேரை எவ்ளோ பெருசா போட்டுகீறான்!" என்றாள் அம்மா.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலை உடைக்கப் போய்விட்டாள். இவ்வளவு பெருமை வந்திருக்கிறது, இவள் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறாள் என்று எனக்குக் கோபம்.

சாயங்காலம் பெரியம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொருதரம் படிக்கச் சொன்னாள். உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவள், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்து மாமா வந்தார். எனக்கு மாமாவைப் பிடிக்கும். வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது, அதிர்ந்து பேசமாட்டார், எனக்கென்று தனியாக பிஸ்கட் பாக்கெட் கொண்டுவருவார். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபியை ஆற்றிக் கொடுத்த கையோடு நைனா பத்திரிகையை நீட்டினார். மாமா வாங்கிப் படித்தார். பேரைப் பார்த்துவிட்டு மடிக்கவில்லை. மேலிருந்து கீழே வரை, ஒரு வரி விடாமல் படித்தார். ஊரில் அதை முழுசாகப் படித்த முதல் ஆம்பிளை அவர்தான்.

"நம்ம ஊரு பேரு போடலியா?" என்றார் முதலில். பிறகு உள் கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தார். "இத நீயா எழுதுன?"

குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது. அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. நைனா மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "ஆமா மாப்ள, யாருக்கும் சொல்லாம..." என்று ஆரம்பித்தார்.

"அவ எங்க எழுதினா? நான் சொல்லச் சொல்ல எழுதினது அது" என்று கூடத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்து வந்து நின்றாள். "எனக்குக் கையெழுத்தே வராது மாப்ள. சின்னப் பொண்ணு பேரு வந்தா நல்லா இருக்கும்னு அவ பேரைப் போடச் சொன்னேன்."

நைனாவின் முகம் தொங்கிப்போயிற்று. பட்டப்பகலில் ஒரு பொம்பளை இப்படிப் புளுகுவாளா!

"நீங்களா? இந்த வயசுல உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த ஆராய்ச்சி?" என்றார் மாமா.

"வயசு ஆவ ஆவத்தான் யோசனை வருது. நானும் புருஷன் வூட்டுக்குப் போனப்ப அழுதவதான். அப்பால சிரிச்சிகினு, ஊர்ல நாலு பேரைச் சிரிக்க வச்சினு இருக்கறேன். எப்போ அழுவைய வுட்டேன், எப்படி சிரிக்க ஆரமிச்சேன், எனக்கே ஞாபகம் இல்ல. கதை எழுதறவனாச்சே, அவனுக்காவது தெரியுமான்னு கேட்டேன்."

அம்மா சட்டென்று குனிந்து காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடைசியில் மாமா சிரித்தார். நைனாவும் சேர்ந்து சிரித்தார். "பெரியம்மாவுக்கு எப்பவும் வேடிக்கைதான்."

"வேடிக்கைதான்" என்றாள் பெரியம்மா. "மாப்ள, பொண்ணு எளச்சிக் கீறா. மாசத்துக்கு ஒருக்கா நான் உங்க வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் தங்கி பாத்துட்டுப் போவேன். இன்னா, வரலாமில்ல?" மாமாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னபடி அவள் மாதாமாதம் போகவும் செய்தாள். அவர்கள் வீட்டு ஏரிமீன் குழம்புக்காகப் போகிறாள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே அத்தை கிளம்பினாள். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாமா பெட்டியை மேலே ஏற்றப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "அத்தே, நீதானே எழுதுன? நான்தானே கார்டு போட்டேன்? பெரியம்மா பொய் சொல்லிச்சே, நீ ஏன் சும்மா இருந்தே?"

அத்தை என் விரல்களின் மேல் கையை வைத்தாள். "அது பொய்னு உனக்கு யாரு சொன்னா?" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. அத்தையும் சேர்ந்து புளுகுகிறாள், ஊருக்குப் போகிற அழுகையில் உளறுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். பெரியம்மாவோடு பொங்கல்வரை பேசவில்லை. அடுத்தவள் எழுதியதைத் தன்னுடையதென்று சொல்லி, பேரைத் தட்டிப் பறித்துக்கொண்ட பொம்பளை என்று அவளைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்தேன். அவள் சொன்னதில் பொய்யாக இருந்தது கார்டை எழுதச் சொன்னது யார் என்கிற அந்த ஒன்று மட்டும்தான். அது எனக்குப் புரிய, எனக்கும் கல்யாணமாகிச் சில வருஷம் போகவேண்டியிருந்தது. அதற்குள் பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.