விரிப்பின் மறுமுனை

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் குளிரில் நடந்தது இது. மொன்றியலில் அஹுன்ட்சிக் பக்கம் ஒரு சலவைத் தொழிற்சாலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இரண்டு இரண்டு பேராக நின்று மடிப்போம். என் சோடி, கின்ஷாசா என்ற ஆபிரிக்க நகரத்திலிருந்து வந்த ஓர் அக்கா. அங்கே சந்தைப் பெண்களின் சங்கத் தலைவியாக இருந்தவராம். ஒருத்தியின் கடையைத் தூக்க நகரசபை வந்தால், அவள் எந்த ஊர், என்ன பாஷை என்று பாராமல் சந்தையே குடைகளை மடக்கி வியாபாரத்தை நிறுத்திவிடுமாம். நாள் முழுக்கப் பிரெஞ்சில் இந்தக் கதைதான். நானும் தலையாட்டிவிட்டு ஒரு காதால் வாங்கி மறு காதால் விடுவேன்.

லொறிகள் வரும் கதவு பழுதாகிப் பூட்ட முடியாமல் திறந்தே கிடந்தது. விரிப்புப் பிடித்த கை குளிரில் விறைத்தது. மனுக் கொடுப்போம் என்று நான்தான் கிளம்பினேன். "அன்ரி, மற்ற ஆக்களிட்டையும் கையெழுத்து வாங்குவமே?" என்று எங்கள் யாழ்ப்பாணப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"அவையளை ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்? எங்கட ஆக்கள் மட்டும் காணும்" என்றேன். என்ன வாய் எனக்கு! தமிழர் எட்டுப் பேர் கையெழுத்திட்டோம். மனுவில் முதலாவது பெயர் என்னுடையது.

நாற்பத்தொரு பேர் வேலை செய்கிற இடத்தில் உங்கள் எட்டுப் பேருக்கு மட்டும்தான் குளிருகிறதா என்று கேட்டார் மேலாளர். பிறகு என்னை மட்டும் நிறுத்தி, இனி வர வேண்டாம், இப்போதே போகலாம் என்றார். அப்போது வீட்டில் எனக்கு மட்டும்தான் வேலை. ஏப்ரனைக் கழற்றும்போது அழுகையை அடக்க முடியவில்லை.

என் முனையைப் பிடிக்க ஒரு ஹெயிட்டிப் பெண்ணை அழைத்தார். அவள் கின்ஷாசா அக்காவைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்தவரை அழைத்தார். அவரும் அசையவில்லை. அக்கா தன் முனையையும் மேசையில் வைத்துவிட்டு, எனக்கும் குளிருகிறது என்றார். உடனே சோடி சோடியாக எல்லோரும் விரிப்புகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வெளியே விரிப்பு ஏற்ற வந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்த மேலாளர், போய் வேலையைப் பார் என்று என்னிடம் சொன்னார். இரண்டு நாளில் கதவும் திருத்தியாயிற்று.

வெட்கத்தோடு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். விரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டியபடி, அடுத்த முறை என்னையும் கேள் என்று மட்டும் சொன்னார்.

இப்போது அங்கே தொழிலாளர் பிரதிநிதி நான். கோயிலில் காணும் சனம், "அங்க எங்கட ஆக்கள் எத்தினை பேர்?" என்று விசாரிக்கும். "நாப்பத்தொரு பேர்" என்பேன். அவர்கள் திகைத்து நிற்பதைப் பார்க்கும்போது, அன்று எட்டோடு நின்ற என்னை அந்தச் சந்தைக்காரி தன் ஆளாக எண்ணியது நினைவுக்கு வந்து, இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.