தன் தாளைத் தானே திருத்தியவர்

1993 ஜனவரி 11 — 75
1995 ஜனவரி 9 — 75
1997 ஜனவரி 13 — 100
1999 ஜனவரி 11 — 100
2001 ஜனவரி 8 — 120
2003 ஜனவரி 13 — 150
2003 ஜூலை 28 — 400

இவை ஒரே பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்த ரசீதுகள். குடிநீர் நிலையத்தில் கட்டணச் சன்னல் என் பொறுப்பில் இருந்தது. முதல் ஆறும் தலைமைப் பரிசோதகர் தேர்வுக்குக் கட்டியவை. ஏழாவது வேறு வகை. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் ஐந்து முறையும் அவர் பணம் கட்டினார், நுழைவுச் சீட்டை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்தார், தேர்வுக்கு மட்டும் போகவில்லை.

அவர் பரிசோதனை அறையில் வேலை பார்த்தார். ஒரு தொட்டிக்குப் பன்னிரண்டு போத்தல் தண்ணீர் வரும். அதில் ஒன்று கெட்டிருந்தாலும் தொட்டி மூடப்படும். மீதிப் பதினொன்றும் நன்றாக இருக்கிறதே என்ற பேச்சு அங்கே எடுபடாது. அவரிடம் அறவே எடுபடாது. கழுவிய போத்தலை இன்னொரு தரம் கழுவுவார். வீட்டுக்குக் கிளம்பி வாசல் வரை போனவர், குழாயை மூடினோமா என்று திரும்பி வருவார். "மறுபடி அக்கா" என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவருக்கும் அது தெரியும்.

படிப்பிலும் அதே சட்டம். விடுமுறை நாளில் சமையலறை மேசையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள் ஒன்றை எழுதுவார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துத் தானே திருத்துவார். ஒரு விடை தவறினால் போதும், தாள் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு. தேர்ச்சிக்கு அறுபது மதிப்பெண் போதும் என்பது தெரியாதவர் அல்ல. "அறுபது வாங்கினவங்க சோதிச்ச தண்ணிய நான் குடிக்க மாட்டேன் சார்," என்று என்னிடமே சொன்னார்.

கணவர் பேருந்து நடத்துநர். ஒருநாள் சம்பள விஷயமாகச் சன்னலுக்கு வந்த மனைவியோடு அவரும் வந்திருந்தார். "என் சர்வீஸ்ல டிக்கெட் எடுக்காம ஏறினவங்க எத்தனையோ பேரப் பாத்துட்டேன். டிக்கெட் எடுத்துட்டு ஏறாத ஆளு இவ ஒருத்திதான் சார்," என்றார். அக்கா சிரிக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

2001இல் அவருக்குக் கீழே இருந்த இளைஞர் தேர்வு எழுதினார். எதைச் சொன்னாலும் "பரவாயில்லக்கா" என்பதால் அவருக்குப் பெயரே பரவாயில்லை. அறுபத்தொன்று வாங்கித் தேறினார். முதலிடத்தில் தேறியவரைப் போல நிலையம் முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

தலைமைப் பரிசோதகர் 2003 செப்டம்பர் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அதற்குள் அக்கா தேறினால் மூப்புப்படி பதவி அவருக்கு; இல்லையென்றால் பரவாயில்லைக்கு. வயது வரம்பினால் அந்த ஆண்டுக்குப் பின் அக்கா தேர்வு எழுத முடியாது. ஜனவரியில் ஆறாவது முறை பணம் கட்ட வந்தபோது சில்லறையை மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் கையிருப்புக் கணக்குக்காக நான் பரிசோதனை அறைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரே சத்தம். பரவாயில்லை காலையில் தானே தொட்டியிலிருந்து எடுத்து வந்த தண்ணீரைத் தானே சோதித்துக்கொண்டிருந்தார். எடுத்தவர் வேறு, சோதிப்பவர் வேறு என்பது அறையின் முதல் விதி.

"எத்தன தடவ சொல்றது? நீ எடுத்தத நீ தொடலாமா?"

"ஆள் வரலக்கா. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு, பரவாயில்ல."

"உன் கை எடுத்த தண்ணிமேல உனக்கு நியாயம் இருக்காதுடா. ஒண்ணு பாசம் வரும், இல்ல பயம் வரும்."

அவர் போத்தலைக் கீழே வைத்தார். "அப்ப உங்க பேப்பர மட்டும் நீங்களே திருத்துறீங்களே, அது எந்த விதியிலக்கா?"

அக்கா கழுவி வைத்திருந்த போத்தல்களைக் கழுவத் தொடங்கினார்.

மறுவாரம் அக்கா எழுதிய தாள் ஒன்று பரவாயில்லையின் மேசைக்குப் போனது. எழுபத்துநான்கு என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எங்கே தாராளமாகப் போட்டிருப்பான் என்று அக்கா வரி வரியாகத் தேடினார். கிடைத்தது வேறு. ஒரு சரியான விடைக்குப் பரவாயில்லை மூன்று மதிப்பெண்ணை வெட்டியிருந்தார்.

"இது சரிதானே? ஏன்டா வெட்டின?"

"சரியாக்கா? அப்ப கேளுங்க. இத்தன வருஷத்துல உங்களுக்காக நீங்க சண்ட போட்டு நான் பாத்ததே இல்ல."

மார்ச்சில் தேர்வுக்குப் போனார். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றாராம், திரும்பி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள.

ஜூலை 22 அன்று கடிதம் வந்தது. எண்பத்தொன்று, தேர்ச்சி. நிலையமே மகிழ்ந்தது. ஆறு நாள் கழித்து அக்கா என் சன்னலில் நின்றார், மறுதிருத்தத்துக்குப் பணம் கட்ட.

"என்னம்மா இது? தேறியாச்சே!"

"பதினாலாவது கேள்விக்கு நான் எழுதினது தப்பு சார். அதுக்கு ரெண்டு மார்க். என் கணக்குல எழுபத்தொம்பதுதான் வரணும். இவங்க எண்பத்தொண்ணு போட்டிருக்காங்க. ஒரு இடத்துல தப்புன்னா மத்த இடத்த எப்படி நம்புறது?"

தலைமைப் பொறியாளர் அழைத்து எச்சரித்தார். மறுதிருத்தம் முடியும்வரை தேர்ச்சி செல்லாது, மதிப்பெண் எவ்வளவு வேண்டுமானாலும் குறையலாம், செப்டம்பர் முப்பதுக்குள் பதில் வராவிட்டால் பதவி இளையவருக்கு. பரவாயில்லையே அவர் கையைப் பிடித்து, "வேணாம்க்கா, இத மட்டும் விட்டுடுங்க," என்றார். கணவர் இரண்டு நாள் வீட்டில் பேசவில்லை. நானும் ரசீதை மெதுவாகத்தான் எழுதினேன், மனம் மாறட்டும் என்று. மாறவில்லை.

ஆகஸ்ட் முழுக்கக் கடிதம் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அறையை விட்டு வெளியே வருவார். வெறுங்கையோடு திரும்பிப் போவார். செப்டம்பரில் தபால் வரும் நேரத்துக்குச் சன்னலுக்கே வந்து நின்றார்.

பதில் வந்த அன்று உறையை என் முன்னால்தான் கிழித்தார். படித்தார். இன்னொரு தரம் படிக்கவில்லை. கேள்விவாரியாக மதிப்பெண் போட்டிருந்த தாளை என் பக்கம் திருப்பி, பதினான்காவது கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

"எழுபத்தொம்பது. சொன்னேன்ல சார்?"

பதவி ஏற்புப் படிவத்தை அங்கேயே என் பேனாவை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். எழுதியதைச் சரிபார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன், பிழை இல்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2003 செப்டம்பர் 18, வியாழக்கிழமை.