மாடில்லாத வீட்டில் சாண எரிவாயு

ஒரு பெண் சொல்லாத வார்த்தையை அவர் சொன்னதாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் அறக்கட்டளையில் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தேன். கல்வராயன் மலை வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் கட்டிக் கொடுத்தோம். 'வெற்றிக் கதை' ஒன்று வேண்டும் என்று மேலாளர் என்னை ஜீப்பில் மலைக்கு அழைத்துப் போனார். அலமேலு என்பவரின் வீடு. கணவர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையில் இருந்தார். இவர் இரண்டு பிள்ளைகளோடு சாமைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலன் புதிதாக இருந்தது. சாண வாடையே இல்லை.

“மாடு எங்கம்மா?” என்று கேட்டேன்.

“மாடு ஏது சார்? ரெண்டு ஆடு கீது. அதுங்க போடற புழுக்கைல டீத்தண்ணி கூட கொதிக்காது.”

மேலாளர் சிரித்தார். “இன்னா சார், போட்டோல மாடா வரப்போவுது? அடுப்பு எரிஞ்சா போதாதா?”

ஓட்டுநர் ஜீப்பிலிருந்து சின்ன கேஸ் சிலிண்டரை இறக்கிச் சுவருக்குப் பின்னால் வைத்து, அடுப்புக்குக் குழாய் மாட்டினார். நீலச் சுடர் வந்தது. படம் எடுத்தேன். சிலிண்டர் திரும்ப ஜீப்பில் ஏறியது. 'மூன்று மாதமாக நான் விறகுக்கே போகவில்லை' என்று அலமேலு பூரிப்புடன் கூறியதாக எழுதினேன். இரண்டு நாளிதழ்களில் வந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“வனக் காவலரு உங்க பேப்பர மடிச்சி பையில வச்சிக்கினு சுத்தறாரு சார். தலைச்சுமைய எறக்கச் சொல்லிட்டாரு. ‘வூட்ல கேஸ் எரியுது, விறகு எதுக்கு, விக்கவா?’ன்றாரு. நான் எப்ப சார் உங்ககிட்ட அப்புடிச் சொன்னேன்?”

“சொல்லலைம்மா.”

“அப்ப யாரு சொன்னது?”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

“எட்டு நாளா பக்கத்து வூட்டு அடுப்புலதான் புள்ளைங்களுக்குக் கஞ்சி. அவங்களும் எத்தினி நாளு வுடுவாங்க?”

மேலாளரிடம் போனேன். “நன்கொடையாளருங்க வர்ற நேரம் சார். கம்முனு இருங்க” என்றார். நானே மறுப்பு எழுதி இரண்டு நாளிதழ்களுக்கும் அனுப்பினேன். இரண்டிலும் வரவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றுடன் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி மலைக்குப் போனேன்.

அலமேலுவையும் அழைத்துக்கொண்டு தேடிப் போனபோது டீக்கடை வாசலில் வனக் காவலர் இருந்தார். கடிதத்தை நீட்டப் போனேன். அலமேலு தடுத்தார்.

“காயிதம் இருக்கட்டும் சார். இத்தினி பேரு எதுருல வாயால சொல்லுங்க.”

சொன்னேன். “இந்தம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் எழுதினேன். இவங்க வீட்டுல மாடே கிடையாது. அந்த அடுப்பு சாண வாயுவுல ஒருநாள் கூட எரியலை.”

காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நாலெழுத்து படிச்சவரு எழுதனா நாங்க நம்பத்தானே சார் செய்வோம்?” பிறகு அலமேலுவிடம், “போம்மா. காஞ்ச சுள்ளி மட்டும்” என்றார்.

“கேஸ்காரம்மா விறகுக்குப் போவுது, வழி வுடுங்கப்பா!” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். கடையே சிரித்தது. அலமேலு சிரிக்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த மாதக் கடைசியில் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: மனதில் எழுந்த சந்தேகத்தைக் கேட்டால் மட்டும் போதாது, பதில் கிடைத்த பின் அதை மறைத்து எழுதாதீர்கள். நான் கேட்டேன். பதிலும் கிடைத்தது.

அலமேலுவுக்கு விறகு கிடைக்கிறது. பெயர்தான் திரும்பக் கிடைக்கவில்லை. ஊரில் இன்னமும் கேஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.