லேபிள் ஒட்டாத எண்ணெய்

திருப்பதியில் முடி இல்லாதவனாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் பாதிப்பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நம் தலையை யார் தனியாகப் பார்க்கப் போகிறார்கள்? அந்தத் தைரியத்தில் நானும் இருபத்தெட்டு வயதில் மலையேறி மொட்டை போட்டேன். அதுதான் என் முதல் முட்டாள்தனம். மற்றவர்கள் தலையெல்லாம் இரண்டு மாதத்தில் கறுத்துவிட்டது. எனக்குக் காதோரம் மட்டும் முளைத்து, நடுவில் வெட்டவெளியாக நின்றது. அதுவரை சீப்பால் இழுத்து இழுத்து மறைத்திருந்த சங்கதி எங்கள் ஊர் வடமாலபேட்டை முழுக்கத் தெரிந்துபோனது.

அப்போது ரேணிகுண்டாவில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், லேபில், எனக்கு வேலை. நான் கெமிஸ்ட்ரி படித்தவன். கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூர், அமெரிக்கா என்று ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். லீவில் வருகிறவனுக்கெல்லாம் புதுச் சட்டை, புது செல்போன், போதாக்குறைக்குத் தலை நிறைய முடி. எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

முடி கொட்டுவதை நிறுத்த மாத்திரை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, டாக்டரிடம் எழுதி வாங்கிச் சாப்பிட்டேன். அது ஆண்மையைக் குறைத்துவிடும் என்று லேபில் ஒரு நண்பன் கிளப்பிவிட்டான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தையில்லை. பயந்துபோய், திருப்பதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். வெளிநாட்டில் சிலர் அதே மாத்திரையைப் பொடித்து, ஸ்பிரிட்டில் கரைத்து மண்டையில் தடவிக்கொள்கிறார்களாம். உள்ளே போனால்தானே வம்பு, தலையில் தடவினால் தலையோடு போகும் என்று முடிவுகட்டினேன். தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும் என்று கெமிஸ்ட்ரி படித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அதை நினைக்க நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பிரிட் எனக்குப் பிடிக்கவில்லை. தலைக்கு வைப்பதென்றால் எண்ணெய்தான் என்று பிறந்ததிலிருந்து பழகியவன். பத்து மாத்திரையை நுணுக்கி, கண்ணாடிக் குவளையில் தேங்காயெண்ணெயோடு கலந்தேன். கரையவில்லை. கொஞ்ச நேரத்தில் பொடியெல்லாம் வெள்ளையாக அடியில் தங்கியது. குலுக்கித் தடவினால் போகிறது என்று ஒரு பழைய நீல பிளாஸ்டிக் எண்ணெய் பாட்டிலில் ஊற்றி, கண்ணாடி அலமாரியில் வைத்தேன். மனைவியிடம் சும்மா எண்ணெய் என்று சொல்லிவைத்தேன். வழுக்கைக்கு மாத்திரை அரைக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தீரத் தீரக் கலந்து, தினம் காலையில் நன்றாகக் குலுக்கித் தடவிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் உண்டானாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டில் அது பாட்டுக்கு அலமாரியில் இருந்தது.

நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கையில் என்னுடைய நீல பாட்டில்.

"இன்னா மாமா, அப்பிடியே நின்னுக்கினு கீற?" என்றாள்.

"அது என் எண்ணெ."

"என்னுது தீந்துபோச்சி. பத்து பாஞ்சி நாளா இதத்தான் வச்சிக்கினு கீறேன். எண்ணெயில இன்னா உன்னுது என்னுது?"

"குலுக்கினியா?"

"எண்ணெய எவனாச்சும் குலுக்குவானா?"

பாட்டிலை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். மாத்திரையோடு வந்த சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் முன்பே படித்திருக்கிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு சரியாக வளராமல் போகலாம். நான்தானே தடவுகிறேன், அவளுக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய், சீயக்காய் போட்டு மூன்று தரம் தலையை அலசினாள். ஈரத்தலையோடு வந்து நின்று கேட்டாள்.

"அந்த பாட்டில் மேல ஒரு சீட்டு ஒட்டினா உன் கை ஒடிஞ்சிடுமா?"

ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் பாட்டிலுக்குக்கூட லேபிள் ஒட்டுவதுதான் என் வேலை.

மறுநாள் பாட்டிலை லேபுக்கு எடுத்துப்போய் அறுத்துப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் பொடி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அவள் குலுக்காமல் மேலாக இருந்ததைத்தான் தடவியிருக்கிறாள்! நான் செய்த மருந்து உருப்படாமல் போனதற்கு அன்றைக்குப் பட்ட சந்தோஷம் அதற்கு முன் எதற்கும் பட்டதில்லை. நண்பன்தான் அதையும் கெடுத்தான். "மாத்திரையில முக்கால்வாசி மாவுதான்டா. மருந்து துளியூண்டு. அது எண்ணெயில எறங்கிச்சா இல்லியான்னு இத்த பாத்து எப்பிடி சொல்லுவ?" அவன் சொன்னது சரி.

திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் திட்டவில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று தெலுங்கில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். போயிருந்தாலும் கொஞ்சம்தான் போயிருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பெண் குழந்தையானால் இந்தக் கவலையே கிடையாது, ஆணானால் பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்கேன் எடுத்தோம். குழந்தை நன்றாக வளர்கிறது என்றார்கள். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று அங்கே சுவரிலேயே பலகை மாட்டியிருந்தது. சட்டம் அப்படி.

மிச்ச ஐந்து மாதம் நான் தலையைப் பற்றி நினைக்கவே இல்லை. அவள்தான் தெம்பாக இருந்தாள். வயிற்றில் குழந்தை உதைக்கும்போதெல்லாம் என் கையை இழுத்து அங்கே வைப்பாள். "இத்தினி தெம்பா ஒதைக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவாது. நீ போய் சோறு துன்னு" என்பாள். அவள் சொன்னால் ஒரு மணி நேரம் நம்புவேன். பிறகு மறுபடியும் அந்தச் சீட்டு ஞாபகம் வரும்.

பிரசவத்துக்குத் திருப்பதியிலேயே சேர்த்தோம். நகரியிலிருந்து மாமியார் வந்திருந்தார். சாயங்காலம் நர்ஸ் கதவைத் திறந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். மாமியாருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார்.

"உடுங்க மாப்ளே. பொட்டப்புள்ளனா இன்னா இப்போ? அடுத்தது பையனா பொறந்துட்டு போவுது."

"பொண்ணுதான் அத்தே வேணும், பொண்ணுதான்" என்று அழுதுகொண்டே சிரித்தேன். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

உள்ளே போனேன். அவள் அசந்துபோய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. நான் தொடப் பயந்து நின்றேன். அவளே துணியை விலக்கிக் காட்டினாள். கருகருவென்று, நெற்றி வரை வழிய, தலை கொள்ளாத முடி.

மனைவி குழந்தையைப் பார்த்தாள். என் மண்டையைப் பார்த்தாள்.

"பாத்தியா மாமா," என்றாள், "உன் எண்ணெ குலுக்காமயே வேல செஞ்சிருக்குது."