ஒரே தேதியில் பிறந்த இரண்டு அம்மாக்கள்

போன வருடம் மழைக்காலம். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். அன்று வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். ரத்தம் ஏற்றுவதற்கு முன் சோதித்தால், எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த ரத்த வகை வேறு, அவருடைய ரத்தம் வேறு. நல்லவேளை, லேபில் பிடித்துவிட்டார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது. உறவுக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? கவுன்டரில் இருந்த பெண்ணின் தலையில். லேப் சீட்டைப் பார்த்து ரத்த வகையைப் பதிவு செய்வது அவள் வேலை. உழவர்கரையிலிருந்து வருவாள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே மேனேஜர் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார். "நான் சரியாத்தான் போட்டேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் கேட்டார்கள்? அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. உட்கார்ந்து தேடினேன். எங்கள் புரோகிராமில் தப்பில்லை. டேட்டாபேஸில் விவரங்களை எடுக்கவும் மாற்றவும் நாங்கள் எழுதிய எஸ்க்யூஎல் கட்டளைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. தேடத் தேட எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை.

கடைசியில் டேட்டாபேஸைப் பராமரிக்கிற டூலில் தப்பு அகப்பட்டது. அதன் திரையில் ஒரு கட்டத்தை நாம் திருத்தினால், அதற்கான எஸ்க்யூஎல் கட்டளையை அதுவே எழுதிக்கொள்ளும். பழைய சாஃப்ட்வேரிலிருந்து வந்த, நோயாளிகளின் விவரம் உள்ள டேபிளில் ஆளுக்கொரு தனி எண் கிடையாது. அதனால் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறது. எந்த ஊரில் செய்த டூலோ! நம் பக்கத்தில் அந்த வயதுக்காரர்களுக்குப் பிறந்த தேதி ஏது? பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டதுதானே. பாதி ஊர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கும். வேறொரு அம்மாவின் ரத்த வகையை எங்கள் பிரிவில் அந்த டூலில் திருத்தியபோது, அதே பெயரும் அதே தேதியும் உள்ள வீராம்பட்டினத்து அம்மாவுக்கும் சேர்ந்து மாறிவிட்டது.

மேனேஜரிடம் காட்டினேன். அவளைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார், அவ்வளவுதான். அவளுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, வேலைக்கு வரச் சொன்னேன்.

"அன்னைக்கு எல்லார் எதிர்லயும் திட்னாங்க. இன்னைக்கு போன்ல சொல்றீங்களேக்கா" என்றாள். வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

டேபிளைச் சரிசெய்துவிட்டேன். இப்போது ஆளுக்கொரு எண் இருக்கிறது. ஆனால் அந்தக் கவுன்டரைத் தாண்டும்போதெல்லாம், அன்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவள் இன்னமும் தப்பு செய்தவள்தானே என்று நினைத்துக்கொள்கிறேன்.