இடது பக்க டெயில் லைட்

எங்கள் காரின் இடது பக்க டெயில் லைட் முதலில் உடைந்தபோது எதிர் வீட்டுக்காரர் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவரிடம் லோடு ஆட்டோ இருந்தது. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெரு இருக்கிற அகலத்துக்கு அதைத் திருப்புவதே ஒரு வித்தை. போதாததற்கு மறுநாள் காலையில் அவரே கேட்டார்: "என்ன தம்பி, பின்னாடி லைட்டு போயிடுச்சா?" டிக்கிப் பக்கம் சுவரைப் பார்த்து நின்ற காரில் லைட் போனது அவருக்கு எப்படித் தெரியும்?

"ஊர்ல இருக்கிறவங்க மேலயெல்லாம் பழி போடாதடா" என்றார் அப்பா. "ஸ்ரீரங்கத்துல உத்திர வீதியில நிறுத்தியிருந்தோம். கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்."

வெள்ளிக்கிழமை தவறாமல் அவரும் அம்மாவும் போவார்கள். அதனால் நம்பினேன். பாதி நம்பினேன்.

கார் என்னைவிட இரண்டு வயது சின்னது. படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் அதுதான் எனக்குப் பட்டறை, லேப், பொழுதுபோக்கு எல்லாம். டிக்கிக்குள் இருக்கும் மூடியை எடுத்து, நட்டைக் கழற்றி, பல்பு ஹோல்டரைத் திருகி உருவினால் லைட் கையோடு வந்துவிடும். வீடியோவில் பார்த்ததைவிட வேகமாகச் செய்தேன். பாலக்கரைப் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் புது லைட் வாங்கினேன். நான் கேட்பதற்கு முன்பே "ஒரிஜினல்தான் தம்பி" என்றார் கடைக்காரர். உடனே அவரையும் சந்தேகித்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதன் சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சு இருந்தது.

அப்பாவுக்கு அது போதவில்லை. "பல்பெல்லாம் மங்கிப்போச்சுடா. ஹெட்லைட்டு, ரிவர்ஸ் லைட்டு, எல்லாத்தையும் பளிச்சுன்னு மாத்து."

எனக்குக் கேட்கவா வேண்டும்? எல்லாம் எல்இடி. வீட்டுச் சுவரில் வெளிச்சத்தை அடித்து, எதிரே வருகிறவருக்குக் கண் கூசாத உயரத்துக்கு இறக்கி வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்தவர் முகம் சுளித்தார்.

"என்னத்தடா மாத்துன? அதே மங்கல்தான். காவிரிப் பாலத்துல எதிர்ல வர்றவன் லைட்டுதான் பூ மாதிரி விரியுது."

டூப்ளிகேட் பல்பு என்று முடிவு கட்டி, கடையில் வாதாடி வேறு ஜோடி வாங்கி வந்தேன். அதுவும் மங்கல் என்றார். எனக்கோ அந்த வெளிச்சத்தில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டியிருந்த மண்டையோட்டுப் படத்தின் பற்கள் வரை தெரிந்தன.

பிறகு அதே இடது பக்க லைட் மறுபடி உடைந்தது. "ஸ்ரீரங்கத்துலயா?" என்று கேட்டேன். அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா "ஸ்ரீரங்கத்துலதான்" என்றாள்.

அந்த எவனோவுக்கு எங்கள் இடது பக்கத்தின் மேல் என்ன அப்படிக் கோபம்?

லைட்டைக் கழற்ற வசதியாகக் காரை வெளியே தள்ளும்போது வாசல் கேட்டின் தூணைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் சிமென்ட் பெயர்ந்திருந்தது. கீழே செம்பருத்திச் செடியின் மண்ணைக் கிளறினால் பிளாஸ்டிக் துண்டுகள். சில நல்ல சிவப்பு, சில ஆரஞ்சு கலந்த சிவப்பு. இரண்டு முறையும் உடைந்தது இங்கேதான்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் அம்மாவுக்கு வாய் ஓயவில்லை.

"ஸ்பீட் பிரேக்கர் வருதுங்க."

"இடது பக்கம் பைக்காரன்."

"சிவப்பு விழுந்திடுச்சுங்க, நில்லுங்க."

இதைத் தொணதொணப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீடு திரும்பியதும் கேட்டைத் திறக்க அம்மா இறங்கினாள். ரிவர்ஸ் எடுத்த அப்பாவுக்குச் சொல்ல இப்போது பக்கத்தில் ஆள் இல்லை. கார் தூணை நோக்கி நேராகப் போனது. "போதும்ப்பா!" என்று கத்தினேன். நின்றது. வாசலில் இருப்பது வெறும் தூண். பாலத்தில், அம்மா கண் அசந்த ஒரு நிமிஷத்தில், அங்கே யார் நிற்பார்கள்?

மறுநாள் சாயங்காலம் புது லைட்டை மாட்டினேன். பிரேக் லைட் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க. அம்மாவைக் காப்பி போட அனுப்பிவிட்டு அப்பாவை நிற்கச் சொன்னேன்.

"எரியுதாப்பா?"

"எரியுது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டும் ஜெகஜோதியா எரியுதுடா!"

என் கால் பிரேக்கின் மேலேயே இல்லை.

டம்ளர்களோடு வாசலுக்கு வந்த அம்மா லைட்டைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே என் காலைத்தான் பார்த்தாள்.

"நான் மிதிக்கலப்பா" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "வெயில் பட்டு எரியற மாதிரி தெரிஞ்சிருக்கும்." வெயில் எப்போதோ இறங்கியிருந்தது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஏன், எதிர் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?" என்றார்.

"பார்த்தாரா அவரு?"

"ரெண்டு தடவையும் வாசல்லதான் நின்னாரு" என்றாள் அம்மா. "கண்ணுல புரை மாதிரி இருக்குன்னு நானும் எவ்வளவோ சொல்லிட்டேன். டாக்டர்னாலே பல்பு மேல பழி போடுவாரு."

"சாவியைப் பிடுங்கிக்குவ, அதானே?" அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"கண்ணைக் காட்டிட்டு வாங்கப்பா. சரியானதும் நீங்களே ஓட்டுங்க."

அப்பா காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சாவி டிரைவர் சீட்டின் மேல் கிடந்தது, அவர் ஏற்கனவே பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறோம் என்று அம்மா பின்னாலிருந்து எனக்குத் தகவல் சொன்னாள்.

காவிரிப் பாலம் தாண்டியதும் வழக்கம்போல அவள் குரல்: "ஸ்பீட் பிரேக்கர் வருதுங்க."

"அவனுக்குத் தெரியும்டி" என்றார் அப்பா.

நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் காரின் முன் கண்ணாடிக்கு நெருக்கமாகக் குனிந்து ரோட்டைத் துழாவினார்.

"எங்கடா இருக்கு?"