நீக்கக் கடிதம் போன ஜீப்

“கார்த்திகை மூன்றாம் ஞாயிறு, காலை எட்டரை மணி. இடம்: தலைவரின் உரக்கடை. வந்தவர்கள்: ஐந்து பேர். பொருள்: கோச்சை மாற்றுவது. முடிவு: மாற்றுவது.”

எங்கள் கால்பந்து கிளப்பின் தீர்மான நோட்டில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. ஆண்டை இங்கே எழுதாமல் விடுகிறேன். சம்பந்தப்பட்ட எல்லோரும் சின்னமனூரில் இன்னமும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறோம்.

எனக்குப் பந்து விளையாடத் தெரியாது. எழுதத் தெரியும் என்பதால் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பெயரில் செப்பேடுகள் இருப்பதாலோ என்னவோ, எழுதி வைத்தால்தான் ஒன்று நடந்ததாகவே எனக்குப் படும். நாள், மணி, கோல் விழுந்த நிமிடம், மழையா வெயிலா எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். அதனால் எனக்கு ‘ரைட்டர்’ என்று பெயர்.

லீக்கின் இரண்டாம் பிரிவில் நாங்கள் அப்போது கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தோம். கடைசி இரண்டு அணிகள் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். உரமூட்டைகள் மேல் உட்கார்ந்து, நான் நோட்டிலிருந்து முடிவுகளை வாசித்தேன்.

“அஞ்சு மேட்சு. அஞ்சுலயும் அடி. இன்னும் என்ன சாட்சி வேணும்?” என்றார் தலைவர். “மதுரையில ஒருத்தர் இருக்காக. சர்டிபிகேட்டெல்லாம் வச்சிருக்காக. லேப்டாப்புல அம்புக்குறி போட்டுச் சொல்லித் தாராக.”

“நம்ம பயலுக அம்புக்குறியப் பாத்தா அங்கன பஸ் ஸ்டாண்டு இருக்குன்னுல்ல நெனைப்பாய்ங்க,” என்றார் கமிட்டியில் இருந்த டீக்கடைக்காரர். பிறகு கொஞ்சம் யோசித்து, “அது கெடக்கட்டும். இவர நீக்கிட்டா அப்புறம் என்னன்னு கூப்பிடுறது?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. கோச் வாரத்தில் ஆறு நாள் ஜீப் டிரைவர். விடியும்போது கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறக்கி விடுவார். வாலிபத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்து ஆடியவர். ஏழாம் நாள் எங்கள் பையன்களுக்குக் கோச். ஆனால் ஊர் அவரை ஏழு நாளும் கோச் என்றுதான் அழைத்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘கோச் அவர்கள்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். அவருடைய வீட்டுக்கார அம்மாவும் வாசலில் நின்று “கோச்சு, கேஸ் சிலிண்டர் வந்துருச்சு” என்பார். நாங்கள் பறிக்கப் போனது அந்தப் பெயரை.

இருந்தாலும் கடிதம் எழுதினேன். அடுத்த ஞாயிறு வைகை அணைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆட்டம். முடிந்ததும் கையில் கொடுத்துவிடுவது என்று பேச்சு. கொடுக்க வேண்டியவன் எழுதியவனே என்றும், சாட்சிக்குத் தலைவர் கூட வருவார் என்றும் முடிவாயிற்று.

“எதுல போறம்?” என்றார் டீக்கடைக்காரர்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வெளியூர் ஆட்டத்துக்கு அணி எப்போதும் போவது கோச்சின் ஜீப்பில்தான். வேறு வண்டி பிடித்தால் ஏன் என்று கேட்பார். ஆகவே அவரை நீக்குகிற கடிதத்தை அவருடைய ஜீப்பிலேயே கொண்டுபோவது என்று, எந்தத் தீர்மானமும் போடாமல், முடிவு செய்தோம்.

ஞாயிறு காலை எனக்கு முன்சீட்டு கொடுத்தார்கள். சட்டைப்பையில் கடிதம், ஒட்டாத கவரில். பின்னால் தலைவர் பையன்களுக்கு நடுவே, மடியில் பந்துப்பையோடு. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“ரைட்டரு இன்னைக்கித்தான் வெளியூருக்கு வாராக. மழை பெய்யாம என்ன செய்யும்?” என்றார் கோச். பின்னால் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. தோற்ற ஐந்தில் நான்கு வெளியூர் ஆட்டம். அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கமிட்டியில் யாரும் போகவில்லை. முடிவு போனில் வரும், நான் எழுதுவேன். ஆடியவர்கள் பெயரை, வெள்ளிக்கிழமை உரக்கடைச் சுவரில் ஒட்டுகிற பட்டியலைப் பார்த்து எழுதுவேன்.

வீரபாண்டி தாண்டியதும், கண்ணாடி துடைக்கத் துணி கேட்டார். டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். துணியோடு ஒரு நீளமான டைரியும் வந்தது. ஏட்டைக் கண்டால் புரட்டாமல் இருக்க என்னால் முடியாது. தோட்டத்தில் ஆள்கணக்குக் கேட்பார்கள் என்று, தினமும் ஜீப்பில் ஏறியவர்கள் பெயரை அவர் எழுதி வைத்திருந்தார். பழக்க தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனவர்கள் பெயரையும் எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிறு எட்டுப் பெயர். இன்னொரு ஞாயிறு ஒன்பது. அதற்கு முந்தினதில் மறுபடி எட்டு. அந்த நான்கு ஞாயிறுகளிலும் பதினோரு பெயர் ஒருமுறைகூட இல்லை. என் நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதினோரு பேர், வரிசை எண்ணோடு, அழகான கையெழுத்தில்.

கல்வெட்டுப் புத்தகங்கள் நிறையப் படித்தவன் நான். வெட்டச் சொன்னவன் அந்த இடத்தில் இருந்தானா என்று விசாரிக்காமல் எந்தக் கல்லையும் நம்பக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லுகிறவன்.

“பட்டியல்ல இருக்குற இந்த மூணு பேரு ஏன் வர்றதில்ல?” என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

கோச் பின்கண்ணாடியில் தலைவரைப் பார்த்தார். அவர் ஒருவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“காய் எடுப்பு சார். ஏலக்கா பழுத்துப்போச்சுன்னா ஞாயித்துக்கெழமையும் கூப்பிடுவாக. போகலைன்னா அடுத்த எடுப்புக்கு வேற ஆளு வச்சுருவாக. தை பொறந்தாப் பயலுக வந்துருவாய்ங்க.”

“கமிட்டியில சொல்லியிருக்கலாமே?”

“எப்பிடிச் சொல்ல? ரெண்டு மேட்சு வரலைன்னா பேரை அடிச்சுப்புடுவம்னு தலைவரு கடைச் சொவத்துல எழுதி ஒட்டியிருக்காகல்ல? அதுவும் உங்க கையெழுத்துதான சார்?”

என் கையெழுத்துதான்.

அல்லிநகரத்தில் கோல்கீப்பர் ஏறினார். டைரியில் எட்டாவது பெயராக எழுதி, அதைப் பெட்டியில் வைத்தேன்.

மைதானத்தில் இறங்கியதும் தலைவர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

“மிச்சப் பேரு எங்கய்யா?”

“மிச்சம் மலைமேல, தலைவரே,” என்றார் கோச். “ஆனா ஒம்பதாவது ஆளு இருக்காக. நீங்கதான்.”

இதை விளக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் லீக்குக்கு அனுப்பும் ஆட்டக்காரர் பட்டியலில் கடைசிப் பெயராகத் தலைவர் பெயரை எழுதுவது எங்கள் கிளப்பில் ஒரு மரியாதை. கோவில் கொடைப் பத்திரிகையில் முன்னால் போடுவதுபோல, இங்கே பின்னால் போடுவோம். அவர் ஆடுவார் என்று யாரும் நினைத்ததில்லை. சட்டப்படி அவர் ஆட்டக்காரர்தான்.

“எனக்கு அம்பத்தி மூணு வயசுய்யா!”

“ஓட வேணாம். வலது ஓரமா நில்லுங்க. ஒருத்தன் உங்களக் காவல் காக்க வருவான்ல, எங்களுக்கு அது போதும்.”

வேட்டியை என்னிடம் மடித்துக் கொடுத்துவிட்டு, இரவல் டிரவுசரில் தலைவர் இறங்கினார். எதிரணியில் மெய்யாகவே ஒருவன் அவர் பக்கத்திலேயே நின்றான். யாரோ பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்திருக்கிறான்.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். எட்டரைப் பேரை வைத்துக்கொண்டு கோச் என்ன செய்தார் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஓரத்தில் ஓடிக்கொண்டே, “ஏலே, உள்ள வா! நீ அங்கன போ! மோனே, பந்த வையி, அவசரப்படாத!” என்று தமிழும் மலையாளமுமாகக் கத்தி, எட்டுப் பேரையும் ஒரு கையின் விரல்கள்போல விரித்தார், மூடினார். எழுபத்தோராவது நிமிடம் எங்கள் பையன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, சேற்றில் நின்ற தலைவரின் முழங்காலில் மோதி உள்ளே போனது. அவர் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்கு ஒன்று. அத்தனை வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் புள்ளி.

டைரியில் கண்டதையும் கோச் சொன்னதையும் இடைவேளையிலேயே தலைவரிடம் சொல்லியிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் மூச்சு வாங்க வந்து என் தோளைப் பிடித்தார். “எட்டுப் பேர வச்சா இத்தன நாளும் ஆடுனாரு? ரைட்டரே, அதக் கிழிச்சுப் போட்ரும். அந்த ரூல்ஸையும் நாளைக்கே சொவத்துலருந்து எடுத்துருவம்.”

சட்டைப்பையில் கையை விட்டேன். கடிதம் இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. படித்த பக்கத்தில் எதையாவது அடையாளமாக வைப்பது என் வழக்கம். ஜீப்பில், எட்டாவது பெயரை எழுதிய அன்றைய பக்கத்தில், டைரியை மூடும்போது கையில் அகப்பட்டதை வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது டாஷ்போர்டு பெட்டிக்கும் எனக்கும் நடுவே தலைவர் சேற்றோடு உட்கார்ந்து, தன் கோலைத் தேனி வரைக்கும் விவரித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது கோச் கையை உயர்த்தி, “அடுத்த வாரமும் வாங்க சார், மழை வந்தாலும் பரவால்ல,” என்றார்.

அடுத்த ஞாயிறன்று முதல் ஆளாக ஜீப்பில் ஏறினேன். அவர் டயருக்குக் காற்றுப் பார்க்க இறங்கியபோது டைரியைத் திறந்தேன். கடிதம் இருந்தது. ஆனால் நான் வைத்த பக்கத்தில் இல்லை. ஆறு பக்கம் தள்ளி, முந்தின நாள் சனிக்கிழமைப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கிழித்தேன்.

மற்றவை நோட்டில் சரியாக இருக்கின்றன. தை பிறந்ததும் பையன்கள் வந்தார்கள், அந்த வருடம் நாங்கள் இறங்கவில்லை, கோச் இன்றும் கோச். தலைவரின் முழங்கால் கோலும் நிமிடத்தோடு பதிவாகியிருக்கிறது, ஆண்டுக் கூட்டம்தோறும் அவர் அதை வாசிக்கச் சொல்கிறார். ஒன்று மட்டும் பாக்கி. தினமும் பெயர் எழுதுகிற மனிதர், நடுவில் இருந்த கவரை அடையாளத் தாளாகவே எண்ணி, நாள்தோறும் ஒரு பக்கம் நகர்த்தி வைத்திருக்கலாம். அல்லது திறந்து படித்துவிட்டும் அப்படியே நகர்த்தி வைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகவே நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: “கோச் கடிதத்தைப் படித்தாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.”